பக்கம் திருப்ப நேரமில்லையா? இசைக்குறிப்பு மென்பொருளில் பக்க அமைப்புக் கோளாறுகளும் தீர்வுகளும்

கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் தாளிலோ திரையிலோ கண்ணில் படும் ஒரு கோளாறு. உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல கோளாறுகளின் வேர் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலாவது, வேலையின் வரிசை. தாளின் அளவு, ஸ்டாஃபின் (நோட்டுகள் அமரும் ஐந்து கோடுகளின்) உயரம், ஓரங்கள், நோட்டுகளுக்கு இடையிலான இடைவெளி ஆகிய நான்கும் முழுப் பார்ட்டுக்கும், அதாவது ஒரு வாத்தியக் கலைஞருக்கான தாள்தொகுப்பு முழுவதற்கும், பொதுவானவை. அவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். சிஸ்டம் (பக்கத்தில் வரும் ஒரு வரி இசை) எங்கே முடிய வேண்டும், பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பது அடுத்தது. எதையாவது கையால் இழுத்து நகர்த்துவதாக இருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி. வரிசையைத் தலைகீழாக்கினால், ஸ்டாஃபை அரை மில்லிமீட்டர் குறைத்த அடுத்த நொடியே அதுவரை இழுத்துவைத்ததெல்லாம் இடம் மாறிப்போகும்.

இரண்டாவது, எது வலது, எது இடது. விரித்துவைத்த பார்ட்டில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம், இரட்டைப்படைப் பக்கம் இடப்புறம். 2-இலிருந்து 3-க்குப் போகும்போது கண் மட்டும்தான் நகரும். கை வேலை செய்ய வேண்டியது 1, 3, 5 என ஒற்றைப்படைப் பக்கங்களின் முடிவில்தான். எனவே ரெஸ்ட் (வாசிக்காமல் ஓய்ந்திருக்கும் இடம்) தேட வேண்டிய இடமும் அந்தப் பக்கங்களின் அடிப்பகுதி மட்டுமே. 2, 4 ஆம் பக்கங்களின் அடியில் ரெஸ்ட் வருகிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வலப்பக்கத்தின் அடியில் கை காலியாக இல்லை

எத்தனை பார் (தாளத்தின் ஒரு சுற்று) ரெஸ்ட் இருக்கிறது என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. எத்தனை வினாடி என்று பாருங்கள். ஒரு பாரின் பீட் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணால்) வகுத்தால் ஒரு பாரின் வினாடி கிடைக்கும். 4/4 தாளத்தில் டெம்போ 96 என்றால் ஒரு பார் 2.5 வினாடி. 60 என்றால் 4 வினாடி, ஒரே பார் ரெஸ்ட்டில் நிதானமாகத் திருப்பிவிடலாம். 3/4 தாளத்தில் டெம்போ 180 என்றால் ஒரு பார் ஒரே வினாடிதான், அங்கே இரண்டு பார் ரெஸ்ட் போதாது. வாத்தியத்தைத் தாழ்த்தி, தாளைப் பிடித்துத் திருப்பி, மறுபடி வாத்தியத்தை ஏந்தி, முதல் நோட்டைக் கண்ணால் பிடிக்கக் குறைந்தது 3 அல்லது 4 வினாடி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலினில் மியூட் மாட்டுவது, கிளாரினெட் கலைஞர் வேறு கிளாரினெட்டை எடுப்பது போன்ற வேலைகள் அதே ரெஸ்ட்டில் வந்தால் அவற்றுக்கான நேரத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். பியானோவுக்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்க வேண்டியதில்லை, ஒரு கை சில பீட்டுகளுக்குக் காலியானாலே போதும்.

ரெஸ்ட் பக்கத்தின் அடியில் வருவது நல்லதா, அடுத்த பக்கத்தின் தலையில் வருவது நல்லதா? அடியில்தான். அடுத்த பக்கத்தில் ரெஸ்ட் காத்திருப்பது திருப்பும் வரை வாசிப்பவருக்குத் தெரியாது. அதனால் கடைசி நோட்டை அவசரமாக விட்டுவிட்டுத் திருப்புவார். வேறு வழியே இல்லாமல் ரெஸ்ட் அடுத்த பக்கத் தலையில்தான் வருகிறது என்றால், இந்தப் பக்கத்தின் கடைசி பாருக்குக் கீழே 'திருப்ப நேரம் உண்டு' என்று சிறிய எழுத்தில் போடுங்கள். நேரமே இல்லாத இடத்தில் வி.எஸ். போடுவது மரபு. உடனே திருப்பு என்று பொருள்படும் 'வோல்ட்டி சூபிட்டோ' என்ற இத்தாலியச் சொற்களின் சுருக்கம் அது. வி.எஸ். ஓர் எச்சரிக்கைதான். அதை எழுதியதால் நேரம் கூடிவிடாது, ஆகவே மற்ற எல்லா வழியையும் முயன்ற பிறகே அதற்குப் போங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பார்ட் முழுவதையும் ஒருமுறை புரட்டி, போதுமான வினாடி உள்ள ரெஸ்ட்களின் பார் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஸ்டாஃப் உயரம் 7.5 மி.மீ., பக்கத்துக்கு 10 சிஸ்டம். முதல் நல்ல ரெஸ்ட் 8 ஆவது சிஸ்டத்தின் முடிவில் வருகிறது. அங்கேயே பக்கத்தை முடித்துவிடுங்கள், 8 சிஸ்டம் உள்ள முதல் பக்கத்தைப் பார்த்து யாரும் குறை சொல்லமாட்டார்கள். அடுத்த நல்ல ரெஸ்ட் அங்கிருந்து 23 ஆவது சிஸ்டத்தில். ஆனால் 2, 3 ஆம் பக்கங்கள் சேர்ந்து 20 சிஸ்டம்தான் கொள்ளும்.

இங்கே பலர் 20 ஆவது சிஸ்டத்தின் முடிவிலேயே வி.எஸ். போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குள் கைவிட வேண்டாம். ஸ்டாஃபை 7.5-இலிருந்து 7 மி.மீ. ஆக்கினால் அகலத்தில் சுமார் 7 விழுக்காடு, உயரத்தில் சுமார் 7 விழுக்காடு இடம் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து பக்கத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுகிறது. 20 சிஸ்டம் கொண்ட இடத்தில் 23 சிஸ்டத்தின் இசை அடங்கிவிடும். ஆனால் இந்த மாற்றம் முழுப் பார்ட்டுக்கும் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஸ்டாஃபைச் சுருக்கினால் வாசிப்பவரின் கண் தடுமாறும். மாற்றிய பின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி கணக்குப் போடுங்கள். 7 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் கையெட்டும் தொலைவில் இருக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும், அந்த நிலையிலும் படிக்க முடிய வேண்டும்.

இசைக்குறிப்பு மென்பொருள்களில் மியூஸ்ஸ்கோர் இந்த உயரத்தை நேரடியாகக் கேட்பதில்லை. ஃபார்மட் மெனுவில் பேஜ் செட்டிங்ஸ் திறந்தால் ஸ்டாஃப் ஸ்பேஸ் என்ற ஒன்று இருக்கும், அது இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரம். நான்கால் பெருக்கினால் ஸ்டாஃப் உயரம்: 1.75 என்றால் 7 மி.மீ., 1.875 என்றால் 7.5 மி.மீ. டோரிகோவில் லேயவுட் ஆப்ஷன்ஸுக்குள் பேஜ் செட்டப்பில் ஸ்பேஸ் சைஸ். சிபெலியஸில் லேயவுட் டேபிலேயே ஸ்டாஃப் சைஸ்.

பக்கத்தை உடைப்பது எளிது. மியூஸ்ஸ்கோரிலும் சிபெலியஸிலும் பாரின் முடிவில் நிற்கும் பார்லைனைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்தினால் சிஸ்டம் முடியும், கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் பக்கம் முடியும். டோரிகோவில் பக்கத்தை முடிப்பது ஃப்ரேம் பிரேக். எங்கரேவ் மோடில், அடுத்த பக்கம் தொடங்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைச் செருகுங்கள். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். மியூஸ்ஸ்கோரில் கடைசி பாரைத் தேர்ந்தெடுக்கிறோம், டோரிகோவில் அடுத்த முதல் நோட்டை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் ஒரு பார் தள்ளி உடைத்துவிட்டுக் காரணம் தெரியாமல் விழிப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. முதல் பக்கத்தின் அடியில் திருப்ப இடமில்லை, மொத்த இசை இரண்டே பக்கம் என்றால், 1 ஆம் பக்கத்தைத் தலைப்புப் பக்கமாக விட்டுவிட்டு இசையை 2, 3 ஆம் பக்கங்களில் வையுங்கள். திருப்பலே தேவைப்படாது. இடையில் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விடுவதும் தவறில்லை. அதில் 'இந்தப் பக்கம் காலி' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். சரியான திருப்பலுக்காக இழந்த ஒரு தாள் வீண் தாள் அல்ல.

வயலின் போன்ற வாத்தியங்களில் இருவர் ஒரே ஸ்டாண்டைப் பகிர்வார்கள். உள்பக்கம் அமர்ந்தவர் திருப்ப, வெளிப்பக்கம் அமர்ந்தவர் தொடர்ந்து வாசிப்பார். இசை நிற்காது, ஆனால் அந்தப் பிரிவின் ஒலி பாதியாகிவிடும். எல்லா ஸ்டாண்டிலும் ஒரே நேரத்தில் தாள் சரசரக்கும். மிக மெல்லிய இடத்தில் அப்படித் திருப்ப வைப்பதைவிட இரண்டு சிஸ்டம் முன்னால், சத்தமான இடத்தில் திருப்ப வைப்பது மேல்.

ரெஸ்ட் நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றாகச் சேரவில்லை

12 பார் ரெஸ்ட் ஒரே கட்டையாக வர வேண்டிய இடத்தில் 5, 1, 6 என்று துண்டு துண்டாக வந்தால், நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ரிஹர்சல் மார்க் (ஒத்திகைக்கான அடையாளக் குறி), டெம்போ மாற்றம், இரட்டைப் பார்லைன், கீ அல்லது தாள மாற்றம் இருந்தால் உடைவது சரி. வாசிப்பவர் அதை எண்ணித்தான் ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த டெம்போ குறிப்புதான் வழக்கமான குற்றவாளி. பிளேபேக்குக்காக யாரோ போட்டு மறைத்திருப்பார்கள். மறைத்தவற்றைக் காட்டும்படி வியூ மெனுவில் மாற்றினால் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த ஒற்றை பாரில் முழு பார் ரெஸ்ட்டுக்குப் பதிலாக நான்கு கால் ரெஸ்ட்கள் தட்டப்பட்டிருக்கின்றனவா, இரண்டாவது வாய்ஸில் (அதே ஸ்டாஃபில் எழுதும் இன்னொரு இசைவரியில்) ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். பாரைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் பல சமயம் சேர்ந்துகொள்ளும். மியூஸ்ஸ்கோரில் பார்ட்டைத் திறந்து எம் விசையைத் தட்டினால் சேர்த்துக் காட்டுவது மாறும். ஒன்றுமே சேராமல் இருந்தால் அதை முதலில் தட்டிப் பாருங்கள்.

ஒரு சிஸ்டம் நெருக்கியடிக்கிறது, அடுத்தது காற்று வாங்குகிறது

பழைய உடைப்புகள் மிச்சமிருக்கின்றன. ஸ்டாஃப் அளவோ தாளோ மாறுவதற்கு முன் யாரோ போட்ட சிஸ்டம் பிரேக்குகள் இப்போது பொருந்தாத இடத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடி அகற்றுவதைவிட எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவது விரைவு. மியூஸ்ஸ்கோரில் ஃபார்மட் மெனுவிலேயே சிஸ்டம் பிரேக்குகளை மொத்தமாக நீக்க வழி இருக்கிறது. சிபெலியஸில் முழுப் பார்ட்டையும் தேர்ந்தெடுத்து அன்லாக் ஃபார்மட். டோரிகோவில் பிரேக் குறிகளைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். அங்கே 'வெயிட் ஃபார் நெக்ஸ்ட் சிஸ்டம் பிரேக்' என்ற பண்பு எங்காவது விழித்துக்கொண்டிருந்தால், அடுத்த பிரேக் வரும் வரை எத்தனை பார் வந்தாலும் ஒரே சிஸ்டத்தில் திணிக்கும். நெருக்கடி ஒரே சிஸ்டத்தில் மட்டும் மிகக் கடுமையாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக் எதுவும் இல்லை, ஆனாலும் சில பார்கள் மட்டும் அகலமாக நிற்கின்றன என்றால் ஸ்ட்ரெட்ச் மதிப்பைப் பாருங்கள். மியூஸ்ஸ்கோரில் நெளிவு அடைப்புக்குறி விசைகள் தேர்ந்தெடுத்த பார்களை விரிக்கவும் சுருக்கவும் செய்யும். தெரியாமல் விரல் பட்டிருக்கலாம். ஃபார்மட் மெனுவின் ஸ்ட்ரெட்ச் பகுதியில் ரீசெட் இருக்கிறது.

அமைப்பு ஒருவழியாகச் சரியாகிவிட்டது, இனி நகரக்கூடாது என்றால் பூட்டிவிடுங்கள். சிபெலியஸில் லாக் ஃபார்மட். மியூஸ்ஸ்கோர் 4.5 முதல் சிஸ்டம் லாக் என்றே தனியாக வந்திருக்கிறது. வெறும் பிரேக் 'இங்கே முடி' என்று மட்டும் சொல்லும், நடுவில் இன்னொரு இடத்தில் உடைவதைத் தடுக்காது. லாக் 'இந்த பார்கள் சேர்ந்தே இருக்கட்டும்' என்று சொல்கிறது. பக்கத் திருப்பலுக்கு இரண்டாவதுதான் தேவை, ஏனென்றால் ஒரே ஒரு சிஸ்டம் கூடுதலாக உடைந்தாலும் உங்கள் ரெஸ்ட் வலப்பக்கத்தின் அடியிலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் நோட்டுகள் முழுதும் திருத்தி முடிந்த பிறகே பூட்டுங்கள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டே பார்

கடைசிப் பக்கத்தை நோக்கி எதையும் உடனே இழுக்க முயலாதீர்கள். முந்தைய பக்கங்களில் இடம் தேடுங்கள். மிஞ்சியது ஒரு சிஸ்டத்துக்கும் குறைவு என்றால் நோட்டு இடைவெளியைச் சிறிதளவு குறைத்தாலே போதும். மியூஸ்ஸ்கோரில் ஸ்டைல் சாளரத்தின் பார் அல்லது மெஷர் பகுதியில் ஸ்பேசிங் ரேஷியோ. ஒரு முழு சிஸ்டம் மிஞ்சினால், கடைசிச் சில பக்கங்களில் மட்டும் சிஸ்டங்களைச் சமமாகப் பிரியுங்கள். 10, 10, 1 என்பதை 7, 7, 7 ஆக்கினால் மூன்று பக்கமும் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த மூன்றின் நடுவே வரும் ஒற்றைப்படைப் பக்க முடிவில் திருப்ப ரெஸ்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசி சிஸ்டம் மட்டும் பக்க அகலத்துக்கு ரப்பர் போல இழுபடுவது வேறு கோளாறு. மியூஸ்ஸ்கோரில் ஸ்டைலின் பேஜ் பகுதியில் லாஸ்ட் சிஸ்டம் ஃபில் த்ரெஷோல்டு 30 விழுக்காடாக இருக்கும். சிஸ்டம் அதைவிட நிரம்பியிருந்தால் முழு அகலத்துக்கும் இழுக்கப்படும். இழுக்க வேண்டாம் என்றால் எண்ணைக் கூட்டுங்கள்.

ஒரு பக்கத்தில் ஸ்டாஃப்கள் விலகி நிற்கின்றன, அடுத்ததில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன

பக்கம் ஓரளவு நிரம்பியிருந்தால் மென்பொருள் மிச்ச இடத்தைச் சிஸ்டங்களுக்கிடையே பகிர்ந்துவிடும். எவ்வளவு நிரம்பினால் என்பது ஒரு விழுக்காட்டு அமைப்பு. சிபெலியஸில் எங்கரேவிங் ரூல்ஸுக்குள் ஸ்டேவ்ஸ் பக்கத்தில் 65 என்று இருக்கும். டோரிகோவில் லேயவுட் ஆப்ஷன்ஸின் வெர்ட்டிகல் ஸ்பேசிங்கில். திருப்பலுக்காகப் பாதியில் முடித்த பக்கத்தில் 6 சிஸ்டம் மட்டும் இருந்து அவை பக்கம் முழுக்கப் பரவினால், அந்த எண்ணைக் கூட்டுங்கள். மீதி இடம் அடியில் வெள்ளையாக நிற்கும். அதுவே நல்லது. வெள்ளை இடத்தைக் கண்டதும் 'இங்கே திருப்ப வேண்டும்' என்று வாசிப்பவர் புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு ஸ்டாஃபுக்கு மேல் மட்டும் காரணமில்லாமல் பெரிய இடைவெளி என்றால் அங்கே ஏதோ தூரமாக இழுக்கப்பட்டிருக்கிறது. மறைத்த எழுத்து, வெகு உயரம் போன ஸ்லர் (நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு), காலியான பாடல் வரி, மறந்துபோன ஸ்பேசர் (இடம் விடுவதற்கான குறி) இவற்றில் ஒன்றாக இருக்கும். அந்த சிஸ்டத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்து இடநிலையை ரீசெட் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஸ்கோரில் சரியாக இருந்தது, பார்ட்டில் கலைந்துவிட்டது

எல்லா வாத்தியங்களும் சேர்ந்த ஸ்கோரின் அமைப்பும் பார்ட்டின் அமைப்பும் தனித்தனி. ஸ்கோரில் போட்ட பக்க முடிவு பார்ட்டுக்குத் தேவையில்லாதது, அங்கே வந்திருந்தால் நீக்கிவிடுங்கள். பார்ட்டுக்கான வேலையைப் பார்ட்டைத் திறந்து அதற்குள்ளேயே செய்யுங்கள். முதல் வயலினும் இரண்டாம் வயலினும் ஒரே மாதிரி நகர்கின்றன என்றால் டோரிகோவின் ப்ராப்பகேட் பார்ட் ஃபார்மட்டிங் ஒன்றின் அமைப்பை மற்றதற்குக் கடத்தும். ஆனால் ஒருவருக்கு ரெஸ்ட் வரும் இடத்தில் மற்றவர் வாசித்துக்கொண்டிருக்கலாம். கடத்திய பிறகு ஒற்றைப்படைப் பக்க அடிகளைத் தனியாகப் பாருங்கள்.

வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பு சிதறிக் கிடக்கிறது

2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து வெளியேறும் கோப்புகள் பெரும்பாலும் மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தின் வழியாகவே வருகின்றன. அந்த வடிவம் நோட்டுகளை நன்றாகச் சுமக்கும், பக்க அமைப்பை அரைகுறையாகத்தான். மியூஸ்ஸ்கோரின் ப்ரிஃபரன்ஸஸில் இம்போர்ட் பகுதிக்குப் போய், லேயவுட்டை இறக்குவதையும் பிரேக்குகளை இறக்குவதையும் இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி திறங்கள். பழைய அமைப்பை ஒட்டுப்போடுவதைவிட வெறும் நோட்டுகளோடு தொடங்குவது வேலையைக் குறைக்கும். பழைய பிடிஎஃப் கையில் இருந்தால் அதில் திருப்பல்கள் எந்த பாரில் வந்தன என்று குறித்துக்கொண்டு அந்த இடங்களையே முதலில் முயலுங்கள்.

திரையில் சரி, அச்சில் தவறு

ஸ்டாஃபை அளவுகோலால் அளந்து பாருங்கள். 7 மி.மீ. இருக்க வேண்டியது 6.6 இருந்தால், அச்சிடும் சாளரத்தில் 'ஃபிட்' என்று ஏதோ தேர்வாகியிருக்கிறது. அதை 100 விழுக்காடு அல்லது ஆக்சுவல் சைஸ் என்று மாற்றுங்கள்.

வலம் இடம் மாறி வந்தால் முதல் பக்க எண்ணையும் இருபுற ஓர அமைப்பையும் பாருங்கள். அட்டையைச் சேர்த்த பிறகு இசை 2-இல் தொடங்க வேண்டியது 1 என்றே இருந்தால் எல்லாத் திருப்பலும் ஒரு பக்கம் தள்ளிப்போகும். பிடிஎஃப் பார்க்கும்போது இரண்டு பக்கக் காட்சியில் அட்டையைத் தனியாகக் காட்டும் தேர்வை இயக்கினால்தான் உண்மையான ஜோடிகள் தெரியும். மடித்துத் தைக்கும் புத்தகமாக அச்சிடுவதென்றால் மொத்தப் பக்கம் 4-இன் மடங்காக வேண்டும். 6 பக்கம் என்றால் 2 காலிப் பக்கம் சேரும், அவை முன்னால் வந்தால் கணக்கு மாறும் என்பதால் பின்னால் வரும்படி வையுங்கள்.

டேப்லெட்டில் வாசிக்கப்போகிறார்கள் என்றால் வலம் இடம் என்பதே இல்லை, ஒவ்வொரு பக்க முடிவும் ஒரு திருப்பல். கால் பெடல் இருந்தால் ரெஸ்ட் அவசியமில்லை. ஆனாலும் பக்க முடிவை ஒரு சொற்றொடரின் நடுவில் வைக்காமல் அதன் முடிவில் வையுங்கள், ஓரங்களையும் குறைத்துவிடலாம். தாளுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு கோப்பு கொடுப்பது கூடுதல் வேலைதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே கோப்பு ஒருபோதும் சரியாக அமையாது.

அனுப்புவதற்கு முன் ஒற்றைப்படைப் பக்கங்களையும் அவற்றை அடுத்து வரும் பக்கங்களையும் அச்சிட்டு ஸ்டாண்டில் வையுங்கள். மெட்ரோனோமை உண்மையான டெம்போவில் ஓடவிட்டு, கடைசி நோட்டை வாசிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, ரெஸ்ட் தொடங்கியதும் திருப்பிப் பாருங்கள். அடுத்த நோட்டுக்கு முன் கை வாத்தியத்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து மறுபடி கணக்குப் போடுங்கள்.